இரு குன்றுகள், இரு வணிக அறிமுகங்கள்

மாங்குளம் என்றதும் இலங்கையின் வன்னி வாசகருக்கு ஏ-9 வீதிச் சந்திதான் நினைவுக்கு வரும். மதுரைக்கு அருகிலும் ஒரு மாங்குளம் உண்டு. அங்குள்ள குன்றின் குகைக் கல்வெட்டுகளையும் வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளக் குகைக் கல்வெட்டுகளையும் அடுத்தடுத்துப் படித்தால், அக்கால வணிகர் தம்மை எப்படி அறிமுகம் செய்துகொண்டனர் என்பது விளங்கும்.

இரண்டும் கிறித்துவுக்கு முற்பட்டவை. பிராமி எழுத்தில் அமைந்தவை. குகையைத் திருத்தித் துறவிகளுக்குக் கொடுப்பதும், கொடுத்தவர் பெயரைப் பாறையில் வெட்டுவதும் இரு இடத்துக்கும் பொதுவான வழக்கம். அரண்மனையும் சந்தையும் ஒரே குன்றில் அறம் செய்ததும் பொது. மாங்குளத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி, மன்னனின் சகலன், வெள்ளறை நிகமத்தார் ஆகியோர் வருகின்றனர். பெரியபுளியங்குளத்தில் உதி மன்னனின் மனைவி அனுராதி வருகிறாள். விசாகன் என்ற வணிகனும் வருகிறான்.

வேற்றுமை அறிமுகத்தில்தான் தொடங்குகிறது. மாங்குளக் கொடை கணி நந்தன் என்ற சமணத் துறவிக்கு, மொழி தமிழ். அங்கே வணிகர் நிகமமாக, அதாவது வணிகக் குழுவாக, ஊர்ப்பெயரோடு நிற்கின்றனர். தம்மைத் தமிழர் என்று எவரும் சொல்லவில்லை. பாண்டிய நாட்டில் அதற்குத் தேவை ஏது?

பெரியபுளியங்குளக் கொடை பௌத்தத் துறவிகளுக்கு, மொழி பிராகிருதம். விசாகன் தன் ஊரையோ குழுவையோ அரசனையோ சொல்லவில்லை. வணிகன், இல்லத்தலைவன் என்பவற்றுக்கு முன்னால் ‘தமேட’, அதாவது தமிழன், என்ற அடைமொழியை வைக்கிறான். இதனால் மட்டும் அவன் கடல் கடந்து வந்தவன் என்று முடிவுகட்ட முடியாது. பல இனத்தார் கலந்து பழகிய இடத்தில் அந்தச் சொல் ஒருவனை அடையாளம் காட்டப் பயன்பட்டது என்பதே தெளிவு.

பாண்டிய நாட்டுத் தமிழ் வணிகர் சமணத்தைப் புரந்தனர்; வன்னியின் தமிழ் வணிகன் பௌத்தத்தைப் புரந்தான். மொழியும் மதமும் அன்று ஒரே கயிற்றில் கட்டப்படவில்லை. இன்றோ வழிபாட்டு உரிமை சர்ச்சைக்குள்ளான குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை என்று பேச்சு எழுந்தாலே, பௌத்தம் சிங்களவருக்கு, சைவம் தமிழருக்கு என்று கல்லைப் பங்கு பிரிக்கிறோம். அந்தப் பங்கீட்டில் விசாகனுக்கு இடமில்லை. அவனோ தமிழன் என்ற பெயரைப் பௌத்தக் குகையின் பாறையிலேயே வெட்டுவித்தான்.