ஆகாய விமானத்தில் பணிப்பெண்கள்

ஆகாய விமானத்தில் பிரயாணம் செய்து திரும்பியவரிடம் விமானப் பணிப்பெண்ணைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். காப்பி கொணர்ந்து தந்ததையும், கைகூப்பி வரவேற்றதையும் சொல்வார். புறப்படுமுன் அப்பெண் வாயில்கள் இருக்கும் திசையைக் கைகாட்டி விளக்கியது அவர் நினைவில் இராது. என் முதற் பிரயாணத்தில் நானும் அந்நேரம் செய்தித்தாளில் ஆழ்ந்திருந்தவன்தான். இப்பணியின் வரலாற்றைப் பின்னர் படித்தபோதுதான் என் பிழையை உணர்ந்தேன்.

இப்பணியில் முதலில் அமர்ந்தவர் ஓர் ஆடவர். ஜெர்மனியின் ஆகாயக் கப்பல்களில் 1912-ஆம் ஆண்டு சேர்ந்த ஹைன்ரிச் கூபிஸ் என்பவர் அவர். 1937 மே 6-ஆம் நாள் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் அமெரிக்காவில் இறங்கும் சமயம் தீப்பற்றியபோது, உணவுக்கூடத்தில் இருந்த அவர், கப்பல் தரையை நெருங்கியதும் சாளரங்களின் வழியே குதிக்குமாறு பிரயாணிகளை ஏவித் தாமும் குதித்துப் பிழைத்தார்.

பெண்கள் இப்பணிக்கு வந்த கதை வேறு. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தவரான எல்லன் சர்ச், பயிற்சி பெற்ற செவிலி. விமானம் ஓட்டவும் கற்றவர். போயிங் விமானப் போக்குவரத்துக் கம்பெனியில் விமானியாக வேண்டும் என்பதே அவர் விருப்பம். அக்காலத்தில் அது கைகூடவில்லை. ஆயின் செவிலியரைப் பிரயாணிகளுடன் அனுப்பலாமே என்று அவர் யோசனை கூறினார். பறக்க அஞ்சுவோர், ஓர் இளம்பெண் நாள்தோறும் அஞ்சாது பறப்பதைக் கண்டால் துணிவு கொள்வர் அல்லவா? கம்பெனி இசைந்தது, சர்ச் உட்பட எட்டுச் செவிலியர் அமர்த்தப்பட்டனர். 1930 மே 15-ஆம் நாள் ஓக்லண்டிலிருந்து சிகாகோ செல்லும் வழியில் சர்ச் தம் பணியைத் தொடங்கினார்.

அந்த விமானத்தில் சிலர்தாம் அமரலாம். வழியில் 13 இடங்களில் இறங்கி ஏறி, சிகாகோ சேர 20 மணி நேரம் ஆகும். உணவு பரிமாறுவதும் குமட்டலால் வருந்துவோரைப் பேணுவதும் வேலையில் ஒரு பகுதியே. நாற்காலிகள் தரையோடு இறுகப் பூட்டப்பட்டுள்ளனவா என்று பார்க்கவேண்டும். புகையும் சுருட்டைச் சாளரத்தின் வழியே எறியாமல் தடுக்கவேண்டும். கழிப்பறைக் கதவென்று எண்ணி வெளிக்கதவைத் திறக்கப் போகிறவரை நிறுத்தவேண்டும்! ரயில் கால அட்டவணையும் கையில் இருக்கவேண்டும். வானிலை கெட்டு விமானம் நடுவழியில் நின்றுவிட்டால் பிரயாணிகளை ரயிலேற்றுவதும் அவர்கள் பொறுப்பே. இத்தனைக்கும் மாதச் சம்பளம் 125 டாலர். வயது இருபத்தைந்துக்குள் இருக்கவேண்டும், எடை 115 பவுண்டுக்கு மேற்படலாகாது, மணமாகியிருக்கக் கூடாது என்றெல்லாம் விதிகள். சிறிய விமானத்துக்கு எடை பார்த்தது பொருந்தும். மணமானவள் கதவைக் காக்க மாட்டாள் என்பது எந்த நியாயமோ, எனக்கு விளங்கவில்லை.

அந்தக் கதவைக் காக்கும் வேலை எவ்வளவு கடுமையாக முடியும் என்பதை 1968 ஏப்ரல் 8-ஆம் நாள் காட்டிற்று. லண்டன் ஹீத்ரோவிலிருந்து கிளம்பிய போயிங் 707 விமானத்தின் எஞ்சின் ஒன்று தீப்பற்றி விழுந்தது. விமானி சில நிமிடங்களில் அதைத் திருப்பி இறக்கிவிட்டார். பின் வாயிலில் பார்பரா ஜேன் ஹாரிசன் என்னும் 22 வயதுப் பணிப்பெண்ணும் ஓர் ஆண் பணியாளரும் நின்றனர். இறங்குவதற்கான சறுக்குப்பை முறுக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்யக் கீழிறங்கிய பணியாளரால் மீண்டும் ஏற முடியவில்லை. தனித்து நின்ற ஹாரிசன், சறுக்குப்பை எரிந்து போன பின்னரும் பிரயாணிகளைக் குதிக்கச் சொல்லியும், தயங்கியவர்களைத் தள்ளியும் வெளியேற்றினார். தாம் குதித்திருக்கலாம், மீண்டும் உள்ளே சென்றார். விமானத்திலிருந்த 127 பேரில் 122 பேர் உயிர் பிழைத்தனர். கடைசி வரிசைகளில் ஒன்றில் அமர்ந்திருந்த, நடக்க இயலாத முதியவர் ஒருவரின் உடலருகே ஹாரிசனின் உடல் கிடந்தது. மறு ஆண்டில் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அறிவிக்கப்பட்டது.