ஒரே பலகையில் அமர்ந்தவர்கள்

கொடைக்கானலுக்கு மோட்டார்ச் சாலை அமைவதற்கு முந்தைய காலத்தில், கோடையின் வெம்மைக்கு அஞ்சி மலையேறிய வெள்ளைக்காரக் குடும்பங்கள் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் பயணம் செய்து, பெரியகுளத்துக்கு அருகிலுள்ள கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பை அடைந்து, அங்கிருந்து டோலிகளிலும் நாற்காலிகளிலும் ஆட்களால் சுமக்கப்பட்டு மேலே சென்றன. 1901ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிகள் தங்கள் குழந்தைகளுக்கென்று கொடைக்கானலில் ஹைகிளார்க் என்னும் பள்ளியை ஸ்தாபித்தபோது, அதில் படிக்க வந்த பாலர்களையும் மலையேற்றிவிட்டவை அந்தத் தோள்களே. மேலே சென்ற குழந்தைகளின் பாஷையில் பள்ளிக்கூட வாழ்க்கையைச் சொல்லும் கதைப் புத்தகங்களுக்கு அந்நாளிலேயே குறைவில்லை; தாமஸ் ஹியூஸ் 1857இல் எழுதிய டாம் பிரவுனின் கதை வெளிவந்து அப்போதே நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆகியிருந்தது. சுமந்து சென்றவர்களின் குழந்தைகளுக்கோ புத்தகமும் இல்லை, பெரும்பாலோருக்குப் பள்ளியும் இல்லை.

தமிழில் பள்ளிக்கூடத்தையும், அங்கே வழங்கும் நியாய அநியாயங்களையும், எதிர்பாராத சிநேகிதத்தையும் பொருளாகக் கொண்ட குழந்தை நூல்கள் மிகவும் காலம் தாழ்ந்தே தோன்றின. இதற்கு நம்மவர்களின் கற்பனை வறட்சியைக் காரணமாகச் சொல்வது சரியன்று என்பது என் அபிப்பிராயம். ஒருவரையொருவர் அறியாத இரு குழந்தைகள் ஒரே பலகையில் அமர்ந்தால்தான் எதிர்பாராத நட்பு பிறக்கும். அந்தப் பலகையே இந்த நாட்டில் வெகுகாலம் கிடையாது.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நியாயம் என்ற எண்ணமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்ட கல்வி விசாரணைக்குப் பதிலாக, அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த பல்லாரி ஜில்லாவின் கலெக்டர் கேம்பெல் மறு வருஷம் அனுப்பிய அறிக்கையில் ஒரு வழக்கத்தை விவரிக்கிறார். காலையில் முதலில் வந்த பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் நாமம் எழுதப்படும்; இரண்டாவதாக வந்தவன் புகழ்ச்சிக்கும் உரியவனல்லன், இகழ்ச்சிக்கும் உரியவனல்லன் என்பதற்கு அடையாளமாக அவன் கையில் ஒரு பூஜ்யம்; மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு, அப்புறம் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொன்று கூடுதல். இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆனால் வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஓடி வந்தவனையும் சும்மா தூங்கி எழுந்து வந்தவனையும் ஒரே கணக்கில் அடிக்கிற ஒழுங்கு அது. மூத்த மாணவனைச் சட்டாம்பிள்ளையாக்கி இளையவர்களை அவனிடம் ஒப்படைக்கும் முறையும் இத்தகைய பள்ளிகளுக்குரியதே. அம்முறையைச் சென்னையில் கைக்கொண்ட ஆண்ட்ரூ பெல் பாதிரியார் அதனை இங்கிலாந்துக்கும் கொண்டு சென்று பிரசித்தப்படுத்தினார். சட்டாம்பிள்ளையின் பாரபட்சத்தையும், அவனுக்குத் தின்பண்டம் கொடுத்துத் தப்பும் பையனின் சாமர்த்தியத்தையும், கொடுக்க வழியில்லாதவனின் மௌனத்தையும் நினைத்தால் ஒரு நல்ல குழந்தை நாவலுக்கு வேண்டிய சகலமும் அந்தத் திண்ணையிலேயே இருந்தது தெரியும். எனினும் அத்திண்ணையில் ஏறக் கூடியவர்கள் இன்னார் இன்னார்தாம் என்று ஊர் முன்னதாகவே தீர்மானித்திருந்தது.

அச்சு வந்த பிறகு பாலருக்கென்று பத்திரிகைகள் தோன்றின. 1840இல் பாலதீபிகையும், 1849இல் சிறுபிள்ளையின் நேசத்தோழனும் மிஷன் வட்டாரங்களிலிருந்து வெளிவந்தன. அவற்றின் நோக்கம் நீதி போதனை.

தொடக்கத்தில் சொன்ன மலையின் அடிவாரத்தில், பெரியகுளம் தாலுகாவும் கம்பம் பள்ளத்தாக்கும் சேர்ந்த இந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடத்தின் சரித்திரத்தைச் சொல்லுகிறவர், ரேகைச் சட்டம் என்று ஜனங்கள் இன்றும் கசப்போடு குறிப்பிடும் குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சொல்லாமல் செல்ல முடியாது. பிறமலைக் கள்ளர் சமூகத்தார் பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்று பதிவு செய்யப்பட்டுக் கைரேகை வைக்கும்படி நிர்ப்பந்திக்கப்பட்டதையும், அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி போலீசாரின் துப்பாக்கிக்கு இரையானதையும் மதுரைச் சீமை மறக்கவில்லை. அதே காலத்தில் தொடங்கிய சீர்திருத்தத் திட்டத்தின் அங்கமாக எழுந்தவைதாம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். தகப்பன் இரவில் போலீஸ் சாவடிக்குச் சென்று படுக்க வேண்டும். மகன் பகலில் அதே சர்க்கார் திறந்த பள்ளிக்குச் செல்ல வேண்டும். இப்படிப்பட்ட ஒரு வீட்டுக் குழந்தைக்கு நியாயம் என்னும் சொல் எவ்விதமாக விளங்கியிருக்கும்? ஆயினும் அச்சமூகத்தார் கள்ளர் பொது நிதி என்ற பெயரில் தம் கைப்பொருளையும் கொடுத்து அப்பள்ளிகளை வளர்த்தார்கள் என்பதையும், தலைமுறை தலைமுறையாக அங்கே படித்தவர்கள் அவற்றைத் தம் சொத்தாகவே கருதுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொரு பக்கம், தாழ்த்தப்பட்டோருக்கென்று தொழிலாளர் இலாகா நடத்திய லேபர் பள்ளிகள் இருந்தன. அவரவர்க்கு ஒரு பள்ளி என்று நாடு பிரிந்து கிடந்தது. 1947இல் சென்னை ராஜதானியில் ரேகைச் சட்டம் நீக்கப்பட்டது. பள்ளிகள் மாத்திரம் நிலைத்தன.

இந்த இடைக்காலத்தில், 1935இல், தமிழ் மண்ணின் பள்ளிப் பிராயத்தை முழு நாவலாக்கியவர் ஆர்.கே. நாராயண். அவர் எழுதியது ஆங்கிலத்தில். ஆயினும் அந்நாவலின் சிறுவர்களாகிய சுவாமிநாதனும் மணியும் நம் தெருக்களில் திரிகிறவர்களே. போலீஸ் அதிகாரியின் மகனாகிய ராஜம் புதிதாக வகுப்பில் சேர்ந்தபோது அவனைச் சரயு நதியில் தூக்கி எறிவதாக மணி கறுவுகிறான்; ஆற்றங்கரையில் சண்டைக்கென்று சந்தித்தவர்கள் நண்பர்களாகத் திரும்புகிறார்கள். பிறகு ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் பொருட்டு அந்த நட்பு முறிய, ஊரை விட்டுப் போகும் ராஜத்துக்கு ரயிலடியில் சுவாமிநாதன் ஆண்டர்சனின் தேவதைக் கதைப் புத்தகத்தைக் கொடுக்க ஓடுகிற கட்டம் இருக்கிறதே, அதைப் போல் குழந்தை மனத்தின் பிராயச்சித்தத்தைச் சொன்ன பக்கங்கள் வெகு சிலவே.

சுதந்திரத்துக்குப் பின்னரே பலகை நீளத் தொடங்கியது. 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம், சொத்து வரியோடு சிறு தொகையை நூலக வரியாகச் சேர்த்து, சிற்றூர்வாசியின் கைக்கும் புத்தகம் எட்ட வழி வகுத்தது. காமராஜர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டம் பரவிற்று. பசி தணிந்தது ஒரு பெரும் நன்மை, ஒரே வரிசையில் அமர்ந்து உண்டது அதனினும் பெரிய நன்மை என்று நான் கருதுகிறேன். வராக நதியின் இரு கரைகளிலும் தென்கரை, வடகரை என்று பிரிந்து கிடக்கும் பெரியகுளம் போன்ற ஊரில், ஒரு கரைப் பிள்ளை மறு கரைப் பிள்ளையோடு சேர்ந்து அமர்ந்து எழுதுவதற்கும் சேர்ந்து உண்பதற்கும் பள்ளியைத் தவிர வேறு எந்த ஸ்தலம் இடம் கொடுத்தது?

அழ. வள்ளியப்பாவும் அவருடைய சகாக்களும் 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவினார்கள். அதே வருஷம் கலைமகள் காரியாலயத்திலிருந்து ஆர்வியை ஆசிரியராகக் கொண்டு ‘கண்ணன்’ என்னும் சிறுவர் பத்திரிகை புறப்பட்டு, 1972 வரை நடைபெற்றது. அதன் நாவல் போட்டியில் பரிசு பெற்ற சிறுமி ஒருத்திதான் பிற்காலத்தில் அம்பை என்று புகழ் பெற்றார். அக்காலத்துச் சிறுவர் கதைகளில் துப்பறிதலும் சாகசமும் ஏராளம், நல்லொழுக்கமும் உண்டு, ஆனால் ஒரே வகுப்பிலிருக்கும் இரு பிள்ளைகளுக்கு நடுவே நிற்கும் தெருவின் சுவரைப் பற்றிய பேச்சு மிகச் சொற்பம். அவ்வெழுத்தாளர்கள்பால் எனக்கு அளவற்ற மதிப்பு உண்டென்றாலும் இந்தக் குறையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வள்ளியப்பா தம் இறுதி மூச்சு வரை இத்துறைக்காகவே உழைத்தவர். 1989ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி, மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டத்தில், குழந்தை இலக்கியம் பாடமாக வேண்டும் என்று வாதாடிப் பேசியபோதே மயங்கி விழுந்து மறைந்தார்.

அதன் பின் வந்த நூல்கள் துணிந்தன. கேள்வி கேட்டதற்காக அடிபட்டு, அடியின் வலி தெரியாமலிருக்கத் தன்மேலேயே மருந்தைச் சோதித்து மாண்ட ஒரு மாணவியை, அவளுடைய ஆசிரியையின் வாயாலேயே சொல்லவைத்தது இரா. நடராசனின் ‘ஆயிஷா’. ஜப்பானிலிருந்து தமிழுக்கு வந்த ‘டோட்டோ சான்’ ரயில் பெட்டிகளே வகுப்பறைகளான ஒரு பள்ளியைக் காட்டியது. முதற்பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட அதன் நாயகியாகிய சிறுமி, இளம்பிள்ளை வாதத்தால் கை கால் பாதிக்கப்பட்ட தன் தோழனை எவரும் அறியாமல் மரத்தின் மேல் ஏற்றிவிடும் அத்தியாயத்தைப் படித்த தமிழ் ஆசிரியர்கள், தம் வகுப்பில் எந்தப் பிள்ளை கீழேயே நிற்கிறது என்று தேடத் தொடங்கியிருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. விஷ்ணுபுரம் சரவணன் எழுதிய ‘கயிறு’ இன்னும் நெருங்கி வந்து, பிள்ளைகளின் மணிக்கட்டில் சாதி அடையாளமாகக் கட்டப்படும் வண்ணக் கயிற்றையே கதைப் பொருளாக்கியது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவர் சாதி வன்மத்தால் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, பள்ளிகளில் சாதிப் பிரிவினையைத் தடுக்க வழி சொல்லும்படி தமிழக அரசு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை நியமித்தது. அவர் 2024 ஜூனில் அளித்த அறிக்கை அத்தகைய கயிறுகளைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்றும், பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கலாகாது என்றும் பரிந்துரைத்தது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் பெயரும் அதில் அடங்குமாதலால் மதுரை, தேனி வட்டாரங்களில் எதிர்ப்பு எழுந்தது. பெயரை நீக்கச் சொல்லுகிறவர்களின் நியாயத்தையும், தம் பாட்டனார் காசு கொடுத்து வளர்த்த பள்ளியின் நினைவை இழக்க அஞ்சுகிறவர்களின் நியாயத்தையும் ஒருங்கே ஏற்று, அப்பள்ளி ஒன்றில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இரு சிறுமியரின் வாய்மொழியாக ஒருவர் ஒரு நாவல் எழுதினால், அதன் முதற்பிரதியை வாங்கக் காத்திருப்பவர்களுள் நானும் ஒருவன்.