கடலை அளக்கப் போய் காட்டுத்தீயைக் கண்ட கதை

1800-ஆம் ஆண்டு. வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில்தான் வெப்பம் மிக அதிகம்! அகச்சிவப்புக் கதிர் அறிமுகமானது இப்படித்தான்.

1978-ல் அமெரிக்கா ஏவிய டைரோஸ்-என் வானிலைச் செயற்கைக்கோளில் ஏவிஎச்ஆர்ஆர் என்ற கருவி இருந்தது. மேகங்களையும் கடல்நீரின் வெப்பநிலையையும் அளப்பதே அதன் வேலை. ஆனால் 3.7 மைக்ரான் படங்களில் உருக்காலைகளும், பாரசீக வளைகுடாவில் எரிந்த எரிவாயுவும் புள்ளிகளாகத் தெரிந்தன. 1981-ல் மேட்சன், டோசியர் இருவரும் இதை எழுதினார்கள்.

காரணம் எளிது. பொருள் சூடாக ஆக, அது அதிகம் வீசும் கதிரின் அலைநீளம் குறையும். 300 கெல்வின் தரைக்கு அது சுமார் 10 மைக்ரான். 800 கெல்வின் தீக்கு சுமார் 3.6 மைக்ரான். இரண்டு அலைநீளங்களிலும் அளந்தால் தீயின் வெப்பம், பரப்பு இரண்டையும் கணக்கிடலாம் என்று டோசியர் காட்டினார்.

ஆனால் ஒரு சிக்கல். கடலுக்காகச் செய்த அந்தக் கருவி சுமார் 50 டிகிரி செல்சியஸிலேயே உச்சத்தைத் தொட்டுவிடும். நடுப்பகல் வெயிலில் காய்ந்த தரையும் பெருந்தீயும் அதற்கு ஒன்றுதான்!

இதற்கு விடை தேடியது ஜெர்மனியின் 'பேர்ட்' செயற்கைக்கோள். எடை 92 கிலோ. 2001 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் அதைக் கொண்டு சென்றது. சாதாரணக் கண்ணாடி நீண்ட அகச்சிவப்புக் கதிர்களை விடாது. அதனால் இவ்வகைக் கேமராக்களின் லென்ஸ்களுக்கு ஜெர்மானியம், சிலிக்கான் போன்றவை தேவை. கருவியே வெப்பம் வீசினால் அளவு கெடும் என்பதால் உணரிகளைக் கடுமையாகக் குளிர்விக்க வேண்டும்.

பேர்டின் உண்மையான சாமர்த்தியம் வேறு. ஒரு புள்ளி உச்சத்தைத் தொட்டால், குறைந்த நேர ஒளிபதிவில் உடனே மீண்டும் அளந்துவிடும். மங்கலான தரையும் தெரியும், பெருந்தீயும் தெரியும்.

2002 ஜனவரியில் சிட்னி அருகே காடுகள் எரிந்தபோது இதற்குப் பலன் கிடைத்தது. மோடிஸ் கருவியின் 1 கிலோமீட்டர் படத்தில் திட்டாகத் தெரிந்த இடத்தில், பேர்டின் 370 மீட்டர் படம் தனித்தனித் தீ வரிசைகளைக் காட்டியது. தீயணைப்பவர்களுக்கு 'காடு எரிகிறது' என்ற செய்தி மட்டும் போதாது. எந்த விளிம்பு எரிகிறது, எவ்வளவு உக்கிரமாக என்று தெரிந்தால்தானே ஆட்களை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்க முடியும்?

பேர்டின் வழித்தோன்றலான பைரோஸ் 2016-ல் ஏவப்பட்டது. அதுவும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான்!