ஹென்றி ஸ்டீல் ஆல்காட்

ஹென்றி ஸ்டீல் ஆல்காட் (2 ஆகஸ்ட் 1832 – 17 பிப்ரவரி 1907) நியூயார்க் வழக்கறிஞர், அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஊழல் விசாரணை அதிகாரி, பிரம்மஞான சபையின் முதல் தலைவர். வாழ்வின் கடைசி 24 ஆண்டுகள் அவருக்கு முகவரி அடையாறு. அன்றைய அடையாறு சென்னை நகரத்தைச் சேர்ந்ததல்ல. செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை வட்டத்துக்கு உட்பட்ட ஆற்றங்கரை அது. தெற்கே மாமல்லபுரம் வரை நீளும் கடற்கரையின் தலைமாடு. 1912இல் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் தந்தை நாராயணய்யா, தம் மகன்களைத் திரும்பக் கேட்டு, ஆல்காட்டுக்குப் பின் சபைத் தலைவரான அன்னி பெசன்ட் மீது வழக்குத் தொடுத்தபோது, அது முதலில் பதிவானது செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில்தான். பிறகே உயர் நீதிமன்றத்துக்கு மாறியது.

ஆல்காட்டை ஆன்மிகவாதி என்ற அலமாரியில் வைப்பதே வழக்கம். ஆனால் அவர் செய்தவற்றில் இன்றும் நிற்பவை வக்கீல் வேலைகள்: மனு எழுதியது, தூது போனது, சிதறிக் கிடந்ததைத் தொகுத்தது, அமைப்புக்கு விதி வகுத்தது.

இளமையும் தொழிலும்

நியூஜெர்சி மாநிலம் ஆரஞ்சு நகரில், கிறிஸ்தவப் பிரெஸ்பிட்டீரியன் குடும்பத்தில் பிறந்தார். பணமில்லாமல் கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. வேளாண்மையில் இறங்கினார், சர்க்கரைச் சோளம் பற்றி 1857இல் அவர் எழுதிய நூல் பெயர் வாங்கித் தந்தது. நியூயார்க் டிரிபியூன் நாளிதழில் வேளாண்மைப் பகுதி ஆசிரியராக இருந்தபோது, அடிமை முறையை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுன் 1859இல் தூக்கிலிடப்பட்டதை நேரில் பார்த்து எழுதினார். அந்த இதழின் நிருபர் என்று தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்ற இடம் அது. மாறுவேடத்தில் போய் வந்தார்.

போர் வந்ததும் ராணுவத்துக்குப் பொருள் விற்ற ஒப்பந்ததாரர்களின் கள்ளக் கணக்குகளைத் துருவும் வேலை அவரிடம் வந்தது. கர்னல் என்ற அடைமொழி அந்நாளில் ஒட்டியது. 1865இல் ஆபிரகாம் லிங்கன் கொல்லப்பட்டபோது விசாரணைக் குழுவில் இடம்பெற்றார். 1868இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு காப்பீடு, வரி, மோசடி வழக்குகளை நடத்தினார்.

இப்படிப்பட்ட ஆள் ஆவி எழுப்பும் வீடுகளை நம்பினார் என்பது இன்று படிப்பவருக்கு விந்தைதான். 1874இல் வெர்மான்ட் மாநிலப் பண்ணைவீடு ஒன்றில் நடந்த அத்தகைய காட்சிகளை இதழுக்கு எழுதப் போன இடத்தில் ரஷ்யப் பெண்மணி ஹெலினா பிளவாட்ஸ்கியைச் சந்தித்தார். 1875 நவம்பர் 17 அன்று நியூயார்க்கில் பிரம்மஞான சபை முறைப்படி தொடங்கியது. ஆல்காட் தலைவர், கூட நின்ற வில்லியம் ஜட்ஜும் வழக்கறிஞரே. இன, மத, நிற வேறுபாடு பாராத உலகச் சகோதரத்துவம் சபையின் முதல் நோக்கமாயிற்று. 1878 டிசம்பரில் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, மணவிலக்கான மனைவியையும் இரண்டு மகன்களையும் நியூயார்க்கிலேயே விட்டு வந்தார். அந்தக் கணக்கையும் அவர் பேரேட்டில் எழுதத்தான் வேண்டும்.

இலங்கைக்கு வக்காலத்து

1880 மே மாதம் இலங்கையின் காலித் துறைமுகத்தில் இறங்கிய ஆல்காட்டும் பிளவாட்ஸ்கியும் அங்கேயே பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார்கள். ஆள்பவர்களின் நிறத்தைக் கொண்ட ஒருவர் ஆளப்படுபவர்களின் மதத்தில் சேர்ந்தது தீவெங்கும் பேச்சானது. அடுத்த ஆண்டே, 'பௌத்த வினாவிடை' என்ற சிறு நூலைத் தொகுத்து, ஹிக்கடுவே சுமங்கல தேரரின் ஒப்புதலோடு வெளியிட்டார். கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளின் கேள்வி–பதில் முறையை எடுத்துப் பௌத்தத்துக்குப் பொருத்தியது அது. நீதிமன்றக் குறுக்கு விசாரணை போலக் கேள்விகள் ஒன்றிலிருந்து ஒன்று கிளம்பும்.

1883இல் ஈஸ்டர் நாளன்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டது. குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை. பௌத்தர்கள் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்து ஆல்காட்டைத் தங்கள் முகவராக நியமித்தார்கள். 1884இல் அவர் லண்டன் போய்க் குடியேற்ற நாடுகள் அமைச்சகத்தின் கதவைத் தட்டினார். தாக்கியவர்களுக்குத் தண்டனை வாங்க அவரால் முடியவில்லை. ஆனால் 1885 முதல் வைசாகப் பௌர்ணமி இலங்கையில் அரசு விடுமுறை ஆயிற்று.

அந்த முதல் விடுமுறை நாளில் ஏற்றப்பட்டதுதான் நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள் பட்டைகள் கொண்ட பௌத்தக் கொடி. அதை வடிவமைத்தவர் ஆல்காட் என்று பலர் எழுதுகிறார்கள், சரியல்ல. கொழும்புக் குழுவினர் வடிவமைத்த கொடி அது. கப்பல் தோரணம் போல நீளமாக இருந்தது. ஊர்வலத்தில் ஒருவர் கையில் பிடித்துப் போகவும், வீட்டு வாசலில் கட்டவும் வசதியாக நாட்டுக் கொடிகளின் அளவுக்கு அதை மாற்றச் சொன்னவர் ஆல்காட். யோசனை சிறியது. ஆனால் அந்த அளவில்தான் கொடி நாடு நாடாகப் போனது. 1950இல் உலக பௌத்தர் பேரவை அதை ஏற்றுக்கொண்டது.

ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத பௌத்த நாடுகளை ஒரே தாளில் கையெழுத்திட வைக்கவும் முயன்றார். 1889இல் இலங்கைப் பௌத்தர் அநகாரிக தர்மபாலரோடு ஜப்பான் போனார். 1891இல் பர்மா, இலங்கை, ஜப்பான், சிட்டகாங் பிரதிநிதிகள் அடையாற்றில் கூடி, எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான 14 கோட்பாடுகளை ஏற்றார்கள். ஒப்பந்த வரைவில் பழகிய கை அது. தர்மபாலரோடு பின்னாளில் மனக்கசப்பு வந்து இருவரும் பிரிந்தார்கள்.

அடையாறு

பம்பாயிலிருந்த தலைமையகத்தை மாற்ற இடம் தேடியபோது, 1882இல் ஹடல்ஸ்டன் தோட்டம் கண்ணில் பட்டது. 27 ஏக்கர், பங்களா, மாந்தோப்பு, பக்கத்தில் ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். விலை சுமார் 600 பவுன். நீலகிரி அடிவாரம் வரை ரயில் வந்துவிட்டதால் வெள்ளை அதிகாரிகள் ஊட்டியில் நாளைக் கழிக்கத் தொடங்கினார்கள். சென்னைப் பக்கத்துப் பெரிய பங்களாக்களைக் கேட்பாரில்லை. அதனால் வந்த மலிவு. டிசம்பரில் குடிவந்தார்கள்.

இரண்டே ஆண்டுகளில், வளாகத்தில் வேலை பார்த்த தம்பதியர் பிளவாட்ஸ்கியின் அற்புதங்கள் மோசடி என்று கிளப்பிய புகார் உலகச் செய்தியானது. மோசடி வழக்குகளில் ஊறிய ஆல்காட் தம் வீட்டு விவகாரத்தில் அந்தக் கண்ணைப் பயன்படுத்தவில்லை என்ற குறை அன்று முதல் உண்டு. 1886 டிசம்பரில் அவர் தொடங்கிய அடையாறு நூலகம் அந்தச் சர்ச்சையைக் கடந்து நின்றது. பனையோலைச் சுவடிகள் ஆயிரக்கணக்கில் அங்கே சேர்ந்தன.

பஞ்சமர் பள்ளிகள்

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர், தம் மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். மிராசுதாரர் பிடியில் குடியிருக்கும் மனையும் சொந்தமில்லாமல் அவர்கள் கிடந்ததை வருவாய்த் துறைக் கணக்குகளோடு காட்டிய அறிக்கை அது. அதன் விளைவாக, அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணை 1892இல் பிறந்தது.

ஆணை வந்து இரண்டு ஆண்டில், 1894இல், ஆல்காட் அடையாறு வளாகத்தை ஒட்டி, தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட பஞ்சமர்களின் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். அடுத்தடுத்து ஐந்து பள்ளிகள் ஆயின. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். அமெரிக்காவிலிருந்து வந்த சாரா பால்மர், ஆல்மி கோர்ட்ரைட் ஆகியோர் பாடமுறையைச் செப்பனிட்டார்கள். மதமாற்றம் நோக்கமல்ல என்பதில் ஆல்காட் கண்டிப்பாக இருந்தார்.

பள்ளிகளின் குறிக்கோள் பெரிதல்ல. எழுதப் படிக்கத் தமிழ், கணக்கு, கொஞ்சம் ஆங்கிலம், சமையல். துரைமார் வீடுகளில் நல்ல வேலை கிடைத்தால் போதும் என்ற கணக்கு. பட்டதாரிகளை உருவாக்க அவர் நினைக்கவில்லை. அந்தக் குறுகிய எல்லையைப் பிற்கால ஆய்வாளர்கள் குறை சொன்னது நியாயமே. ஆனால் அக்கிரகாரத் தெருவுக்குள் கால் வைக்க முடியாத பிள்ளைக்குப் பலகையும் பல்பமும் கொடுக்க அன்று வரிசையில் நின்றவர்கள் மிகச் சிலர்.

1898இல் பறையர் சமூகத் தலைவர் அயோத்திதாசப் பண்டிதர் அவரைத் தேடி வந்தார். தம் மக்கள் பூர்வ பௌத்தர்கள், அந்த மதத்துக்கே திரும்ப வழி வேண்டும் என்பது அவர் வழக்கு. ஆல்காட் அதைக் காது கொடுத்துக் கேட்டு, பண்டிதரையும் பஞ்சமர் பள்ளி ஆசிரியர் பி. கிருஷ்ணசாமியையும் கொழும்புக்கு அழைத்துப் போனார். சுமங்கல தேரரிடம் அவர்கள் பஞ்சசீலம் பெற்றார்கள். அதே ஆண்டில் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்தது. பின்னர் அயோத்திதாசர் 'தமிழன்' இதழில் நடத்திய வாதங்களுக்கும் ஆல்காட்டுக்கும் தொடர்பில்லை; அவை பண்டிதரின் சொந்தச் சரக்கு. கப்பல் டிக்கெட்டும் அறிமுகமும் கர்னலுடையவை என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

இறப்பும் பெயரும்

1907 பிப்ரவரி 17 காலை அடையாற்றில் காலமானார். அமெரிக்கக் கொடியும் பௌத்தக் கொடியும் போர்த்திய உடல் வளாகத்திலேயே எரியூட்டப்பட்டது. சபைத் தலைமை அன்னி பெசன்டுக்குப் போனது. உயர் நீதிமன்ற நீதிபதியாயிருந்து ஓய்வுபெற்ற எஸ். சுப்பிரமணிய ஐயர் துணைத் தலைவரானார்.

கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தின் எதிரே ஆல்காட்டுக்குச் சிலை உண்டு. முன்னே ஓடும் சாலைக்கும் அவர் பெயர். சென்னையில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது ஒரு மீனவர் குப்பத்தில். எலியட்ஸ் கடற்கரையின் வடமுனையில், முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பம் 2015இல் கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா முதலியோர் தொடங்கிய இசை விழாவால் செய்தித்தாளில் இடம் பிடித்தது. பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவு மேல்நிலைப் பள்ளி இன்றும் நடக்கிறது. பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை.