1907: இரண்டு மொழி, இரண்டு கதி



கோட்டக்குப்பத்தில் பேசும்போது எல்லையை மறக்க முடியாது. 1954 வரை இவ்வூருக்குத் தெற்கே பிரெஞ்சு ஆட்சி. 1947 வரை இங்கே ஆங்கில ஆட்சி. இரு பக்கமும் மக்கள் மொழி தமிழ். அரசும் உயர்கல்வியும் மதித்ததோ வேறு மொழியை. எல்லைக்கோடு போய்விட்டது, அந்த மதிப்பீடு போகவில்லை.

1907இல் சென்னையின் பௌத்த இயக்கத்தைச் சேர்ந்த இருவரின் எழுத்து அச்சேறியது. பேராசிரியர் லட்சுமி நரசு 'தி எசென்ஸ் ஆஃப் புத்திசம்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். அயோத்திதாசப் பண்டிதர் ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார்.

ஆங்கில நூல் பம்பாய் வரை சென்றது. 1948இல் அதன் மூன்றாம் பதிப்புக்கு அண்ணல் அம்பேத்கர் முன்னுரை எழுதினார். பண்டிதரோ 1914இல் மறையும்வரை சாதியின் தோற்றம், பௌத்த வரலாறு, தமிழ் இலக்கியம், அரசியல் என்று எழுதிக் குவித்தார். அவை பெருந்தொகுதிகளாக ஆய்வாளர் கைக்கு வந்தது 1999இல்தான். ஞான. அலாய்சியஸ் தொகுத்தார், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. இதழ் தொடங்கி 92 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இடையில் காத்தவர்கள் யார்? கோலார் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை அவர் எழுத்துகளை அச்சிட்டது. அன்பு பொன்னோவியம் இதழ்களைச் சேர்த்துப் பாதுகாத்தார். இயக்கம் காத்ததைத்தான் கல்லூரி பிற்பாடு பெற்றுக்கொண்டது.

மொழி மட்டுமே இதற்குக் காரணம் என்றால் தமிழ்த்துறைகள் அவரை முன்பே படித்திருக்க வேண்டும். அங்கே சாதி தடுத்தது. ஆங்கில ஆய்வுலகில் மொழி தடுத்தது. இரண்டு கதவும் ஒரே ஆளுக்குச் சாத்தப்பட்டன.

ஆங்கிலம் நமக்குப் பகையல்ல. நரசுவை அம்பேத்கரிடம் சேர்த்தது அதுதான். ஆனால் அம்பேத்கரே 1920இல் 'மூக்நாயக்' இதழை மராத்தியில்தான் தொடங்கினார்.

இன்று கல்வி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தும் என்.ஐ.ஆர்.எஃப். ஆய்வுக் கட்டுரைகளை எண்ணுவதற்கு ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளங்களை நம்புகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆங்கில இதழ்கள். தமிழில் எழுதும் ஆய்வாளரின் உழைப்பு அந்தக் கணக்கில் ஏறுவது அரிது.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தில் எழுதுங்கள், அடிக்குறிப்பில் தமிழ் இதழின் பெயரையும் தேதியையும் தவறாமல் போடுங்கள். எழுதியதைத் தமிழிலும் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய இதழோ துண்டறிக்கையோ கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள்.