முடிக்கு உயிர் எங்கே இருக்கிறது?



மயிலத்திலோ திருப்பதியிலோ குழந்தைக்கு மொட்டை அடித்தால், "இனிமே முடி அடர்த்தியா வளரும்" என்று யாராவது ஒரு பாட்டி சொல்லாமல் இருப்பதில்லை. வேண்டுதலுக்கு அடிப்பது வேறு. அடர்த்திக்காக என்றால் பலன் இல்லை. அமெரிக்க உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் சில ஆண்களை ஒழுங்காகச் சவரம் செய்ய வைத்து, வெட்டிய முடியை அளந்து, 1928இலேயே இதை எழுதிவிட்டார். தடிமனும் கூடவில்லை, வேகமும் கூடவில்லை. காரணம் எளிது: வெளியே தெரியும் முடி செத்த பொருள். உயிர் இருப்பது தோலுக்குள்ளே, மயிர்க்காலில்.

மயிர்க்காலைப் பற்றி மனிதன் தெரிந்துகொண்டதில் பெரும்பங்கு ஆட்டிடம் இருந்து வந்தது. கம்பளி என்றால் பணம் அல்லவா! நம் மேட்டுப்பாளையம் அல்ல, நீலகிரி அடிவாரத்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால், ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே வளர்க்கும் நீலகிரி ஆடு, 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ முதலிய வெளிநாட்டு இனங்கள் கலந்து உருவானது. அதற்கு மென்மையான கம்பளி உண்டு. சமவெளியில் மேச்சேரி ஆட்டுக்கு உடம்பெல்லாம் குட்டையான முடிதான். அதன் பெருமை தோலில்.

இந்த வேறுபாடு கருவிலேயே தொடங்குகிறது. குட்டி வயிற்றில் இருக்கும்போது முதலில் சில மயிர்க்கால்கள் தோன்றும். பிறகு அவற்றைச் சுற்றி இரண்டாம் நிலை மயிர்க்கால்கள் முளைக்கும். மெரினோவில் முதல்நிலை ஒன்றுக்கு இரண்டாம் நிலை சுமார் இருபது. இந்த நெரிசலில் வளர்வதால்தான் கம்பளி அவ்வளவு மெல்லியது. ஆஸ்திரேலியாவில் ஹெச்.பி. கார்ட்டர் 1940களில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்.

மயிர்க்காலின் அடியில் ஒரு குமிழ் இருக்கிறது. அங்கே செல்கள் வேகமாகப் பிரிகின்றன. புதிது பிறக்கப் பிறக்கப் பழையது மேலே தள்ளப்படுகிறது. போகும் வழியில் நீண்டு, கெரட்டின் என்னும் புரதத்தால் நிறைந்து, இறுகி, இறந்துபோகிறது. 1950களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் எம்.எல். ரைடர் கதிரியக்கக் கந்தகத்தைச் செலுத்தி இதைத் தொடர்ந்து பார்த்தார். கந்தகம் சேர்ந்தது குமிழில் அல்ல, அதற்குச் சற்று மேலே, செல்கள் இறுகும் இடத்தில்.

ஆகவே மூலம் குமிழ்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். மயிர்க்காலின் நடுப்பகுதியில், முடியைச் சிலிர்க்க வைக்கும் தசை ஒட்டும் இடத்தில், சிறு புடைப்பு ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ஆய்வாளர்களே அதைப் பார்த்திருந்தார்கள். யாரும் பெரிதாக மதிக்கவில்லை. (வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள்.)

1990இல் காட்சரெலிஸ், சுன், லாவ்கர் மூவரும் எலிகளின் செல்களுக்குக் கதிரியக்க அடையாளம் இட்டார்கள். வேகமாகப் பிரியும் செல்லில் அந்த அடையாளம் ஒவ்வொரு பிரிவிலும் பாதியாகி மறையும். சும்மா இருக்கும் செல்லில் தங்கும். சில வாரம் கழித்துப் பார்த்தால் குமிழில் ஒன்றும் இல்லை. அடையாளம் தங்கியிருந்தது அந்தப் புடைப்பில்! ஸ்டெம் செல்கள் அங்கேதான் அடங்கிக் கிடக்கின்றன. 2001இல் பாரன்டன் குழு, எலியின் மீசையில், புடைப்பிலிருந்து செல்கள் குமிழுக்கு இறங்குவதைக் காட்டியது. முதலில் கீழே இறக்கம், பிறகு முடியாக மேலே ஏற்றம்.

உங்களில் ஒருவர் தன் அம்மாவுக்குக் கீமோ தொடங்கியதும் முடி கொட்டுகிறது, திரும்ப வருமா என்று கேட்டிருந்தார். வேகமாகப் பிரியும் செல்லைத் தாக்குவதுதான் அந்த மருந்தின் வேலை. புற்றுச் செல்லோடு குமிழும் அடிபடுகிறது. அதனால்தான் இரண்டு மூன்று வாரத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. ஆனால் புடைப்பில் இருப்பவை பெரும்பாலும் பிரியாமல் அடங்கியிருப்பதால் தப்பிவிடுகின்றன. ஒருசில மருந்துகளில் முழுதாகத் திரும்பாமல் போவதும் உண்டு. அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் முடி மீண்டும் வருகிறது. முதலில் வருவது சுருட்டையாகவோ வேறு நிறத்திலோ இருக்கலாம். அம்மாவிடம் அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.