தொல்லை நீக்கலும் மிகைக் கொலையும்

உயிர்க்கொலையை வாயிலாகக் கொண்டு உயிர் ஓம்பும் தொழில்கள் இரண்டு. ஒன்று குறிஞ்சி நிலத்தாரின் வேட்டை. மற்றொன்று நெய்தல் நிலத்தாராகிய நம்மனோரின் மீன்பிடி. உண்ணும் பொருட்டுக் கொல்லுதல் அறமா அன்றா என்னும் வழக்கு மிகப் பழையது. அதனை ஈண்டு விரிக்கப் புகுந்தோமில்லை. நாம் எடுத்துக்கொண்ட வினா வேறு. உண்ணக் கருதாத ஓர் உயிரை, நமக்கு இடையூறு செய்கின்றது என்னும் காரணம் ஒன்றே பற்றிக் கொல்லுதல் முறையாகுமா என்பதே அது.

திருவள்ளுவர் துறவறவியலிற் புலால் மறுத்தலை 26ஆம் அதிகாரமாகவும், கொல்லாமையை 33ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தார். ஊனுண்டலும் உயிர்க்கோறலும் ஒன்றோடொன்று இயைந்தனவாயினும் இரண்டும் ஒன்றல்ல என்பது அவ்வமைப்பாற் புலனாம். உண்ணாமலே கொல்வாரும் உளர் அன்றோ? அவர் செயலை எந்நிறையால் நிறுப்பது என்பதனைப் பழைய வரலாற்றினின்று தொடங்கி நோக்குவாம்.

சேக்கிழார் பெருமான் பாடிய கண்ணப்ப நாயனார் புராணத்தைப் பத்திக்கு எடுத்துக்காட்டாகவே நாம் ஓதி வருகின்றோம். அது வேட்டையறத்தைக் கூறும் நூலுமாம். உடுப்பூர்த் தலைவன் நாகன் முதுமையுற்று, மாதந்தோறும் நிகழும் வேட்டை நின்றது. அதனால் மலையிற் பன்றி முதலிய விலங்குகள் பெருகிப் புனங்களை அழித்தன. குடிகள் திரண்டு சென்று தலைவனிடம் முறையிட்டனர். நாகன் தன் மகன் திண்ணனுக்குத் தலைமை தந்து வேட்டைக்கு விடுத்தான். ஆகவே, பின்னாளிற் கண்ணப்பர் எனப் போற்றப்பெற்ற பெருமகனார் மேற்கொண்ட முதல் வேட்டை, இக்காலத்தார் கூறும் தொல்லை விலங்கு நீக்கமே என்பது தெளிவு.

அவ்வேட்டை நிகழ்ந்த முறையைப் புலவர் கூறுமிடத்து ஒன்று கருதத்தக்கது. வேடர்கள் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை. சிறு குட்டிகளைக் கொன்று கொலையை மிகைப்படுத்தவில்லை. சூல்கொண்டு நடை தளர்ந்த பிணைகளை வருத்தவில்லை. பயிர் காக்கச் சென்ற வேடர்க்கும் கொலையில் மிகை என ஒன்று உண்டு என்பதனைச் சேக்கிழார் உணர்ந்து பாடினார். அன்றியும், திண்ணனார் துரத்திச் சென்று வீழ்த்திய பன்றியை வீணே விட்டெறிந்தாரில்லை. பொன்முகலி ஆற்றங்கரையிற் காய்ச்சினர். அவ்வூனே காளத்தியப்பருக்குத் திருவமுதும் ஆயிற்று. அக்காளத்தி நம் சென்னைக்கு வடக்கே நெடுந்தொலைவில் உள்ளதும் அன்று.

இவ்வாறு பழைய வேட்டையை இரண்டு கடிவாளங்கள் அடக்கின. ஒன்று குட்டியையும் சூலையும் விலக்கும் மரபு, மற்றொன்று வயிறு. உண்ணும் அளவிற்கு மேற் கொல்வதில் வேடனுக்கு ஊதியம் இல்லை. உண்டு மிஞ்சிய இறைச்சி அழுகும். ஆதலின் அவன் வில் தானே ஓய்ந்தது.

ஆங்கில ஆட்சியில் இவ்விரு கடிவாளங்களும் அறுந்தன. புலி, சிறுத்தை, ஓநாய் முதலியவற்றைத் தீவிலங்கு எனக் குறித்து, கொன்ற தலைக்கு இத்துணை வெகுமதி என அரசாங்கம் பணம் வழங்கிற்று. 1875 முதல் 1925 வரையுள்ள ஐம்பதாண்டில் 80,000க்கு மேற்பட்ட புலிகளும், 1,50,000க்கு மேற்பட்ட சிறுத்தைகளும், 2,00,000 ஓநாய்களும் மாண்டன என்பது வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் அவர்களின் மதிப்பீடு. நம் நீலகிரியில் 1877இல் வேட்டைச் சங்கமும், 1879இல் வேட்டை விலங்குக் காப்புச் சட்டமும் தோன்றின. கடமான் துரைமார் துப்பாக்கிக்கு எஞ்ச வேண்டும் என்பதற்காக, அதனை இரையாகக் கொள்ளும் செந்நாய்க்குத் தலைவிலை கட்டினர். அச்செந்நாயை யாரும் உண்டிலர். இன்று அது உலகில் அருகிவரும் இனங்களுள் ஒன்று.

இதன்கண் உள்ள நுட்பம் யாதெனின், வயிற்றுக்கு ஓர் எல்லை உண்டு. பணப்பைக்கு எல்லை இல்லை. உண்பவன் போதும் என்பான். தலைக்கு விலை பெறுபவன் போதும் என்னான். உண்ணாக் கொலை தீதாவது, இறைச்சி வீணாகின்றது என்பதனால் மட்டும் அன்று. கொலையை நிறுத்தும் அளவு இல்லாமற் போவதனாலேயாம்.

நம் பழவேற்காடு, பொன்னேரிப் பக்கத்திலும் செங்கற்பட்டுப் பக்கத்திலும் வாழும் இருளர் வரலாறு இதற்கு நல்ல சான்று. வயலெலியை வளைதோண்டிப் பிடித்து உண்பது அவர் வழக்கம். உழவனுக்குத் தொல்லை நீங்கிற்று. அவர்க்கு உணவும் ஆயிற்று. ஆயின் பாம்புத் தோலுக்கு அயல்நாட்டில் விலை ஏறியபோது, அதே கைகள் உண்ணாத பாம்பைத் தோலுக்காகக் கொன்று குவித்தன. எலியைத் தின்னும் பாம்பு குறைய, எலி பெருகாதோ? 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. தோல் வணிகம் நின்றது. இருளர் பிழைப்பும் நின்றது. பின்னர் 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, உயிரோடு மீள விடுகின்றனர். அந்நஞ்சு மருந்தாகிப் பாம்புக்கடியுண்டாரைக் காக்கின்றது. அச்சங்கத்தைச் சார்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். தொழில் அதுவே, கைத்திறனும் அதுவே. கொலை மட்டும் ஒழிந்தது.

இனி இக்காலச் சட்டத்தைக் காண்போம். 2016இற் பீகார் மாநிலத்து மொகாமாவில் இருநூற்றுக்கு மேற்பட்ட நீல்காய் மான்கள் சுடப்பட்டன. பெயரிற் பசு ஒட்டியிருத்தலால் அவற்றைக் கொல்ல உழவர் தயங்க, வெளியூர் வேட்டைக்காரர் வருவிக்கப்பட்டனர். கேரளத்தில் 2022 முதல், பயிரழிக்கும் காட்டுப்பன்றியைக் கொல்ல ஆணையிடும் அதிகாரம் ஊராட்சித் தலைவர்க்குக் கிட்டியது. ஆயினும் கொன்ற பன்றியை உண்ணலாகாது, புதைத்தல் வேண்டும் என விதித்தனர். நம் தமிழ்நாட்டரசு 2025 சனவரியில் இடத்தை அளவாக வைத்தது. காப்புக்காட்டு எல்லையினின்று 1 கிலோமீட்டருக்குள் சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுதல் வேண்டும். அதற்கு அப்பாற் சென்றவற்றையே வனத்துறையார் சுடலாம்.

உண்ணாமற் புதைத்தல் வீணன்றோ எனின், நன்கு சிந்தித்தல் வேண்டும். உண்ணலாம் என்றால், தொல்லை என்னும் பெயரால் இறைச்சிக்கே வேட்டை நடக்கும். அக்காலத்து வேடனுக்கு உண்டலே கடிவாளமாயிற்று; இக்காலத்துச் சட்டத்திற்கு உண்ணாமையே கடிவாளமாயிற்று. வழி மாறினும் கருத்து ஒன்று. கொலை தேவையின் அளவில் நிற்றல் வேண்டும் என்பதே அது.

இத்துணையும் மலையையும் வயலையும் பற்றிப் பேசினோம். இனி நம் கடலைப் பற்றிப் பேசாது விடுதல் நேர்மையாகாது.

நம் வலையில் அகப்படும் பேத்தை மீன் வலையைக் கடித்துக் கிழிக்கும். கடற்பாம்பு கையைத் தீண்டும் என்னும் அச்சம் தரும். இவற்றை அடித்துக் கடலில் எறிதல் நம்மவரிடையே அரிதன்று. இவற்றினும் பெரிது பங்குனி ஆமையின் செய்தி. நாம் அதனை உண்பதில்லை. நம்மவருட் பலர் தெய்வமாகவே கருதுவர். எனினும் 2025 சனவரியில் மட்டும் சென்னைக் கரையிலும் அதனை அடுத்த கரைகளிலும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் பிணமாக ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து வழக்கெடுத்தது. முட்டையிடக் கரை நாடி வந்த ஆமைகள் இழுவைமடியிற் சிக்கி மூச்சடைத்து இறந்தன என்பது பெரும்பான்மையோர் முடிபு. ஆமை நீரில் வாழினும் நுரையீரலால் மூச்சு விடுவது. மேலெழுந்து காற்று வாங்காதாயின் மூழ்கி மாயும். மடியோ மணிக்கணக்கில் நீரடியில் இழுபடும்.

இக்கொலையின் தன்மையை நோக்குமின். திண்ணனார் பன்றியைக் கொன்றது புனம் காக்க, அவ்வூன் திருவமுதும் ஆயிற்று. துரைமார் கையாட்கள் செந்நாயைக் கொன்றது பரிசுக்கு. நம் மடியில் இறக்கும் ஆமையாற் பசியும் தீர்ந்ததில்லை, பணமும் வந்ததில்லை. ஓர் ஈற்றுக்கு நூறளவில் முட்டையிடும் அவ்வுயிர், முட்டையிடும் பருவம் எய்தப் பத்தாண்டிற்கு மேலாகின்றது. சேக்கிழார் கூறிய வேடர் வருத்தாது விலக்கிய சூற்பிணைக்கு நிகர் அதுவே.

நம் குலத்தார் இதற்கு மறுமொழி கூறுவர் என அறிவோம். சென்னைத் துறைமுகம் எழுந்த நாள்தொட்டு இராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் கரையைக் கடல் அரித்தது. மணற்கரை போய்க் கற்சுவர் வந்தது. 2017 சனவரியில் எண்ணூர்க்கு அண்மையில் இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழியில் எண்ணெய் புகுந்து, கூழைக்கடாக்களின் சிறகிலும் நம் வலையிலும் படிந்தது. ஆலைகள் செய்த கொலைக்கு இல்லாத கேள்வி, ஆமைக்காக நம்மிடம் மட்டும் ஏன் என்பர். இக்கேள்வி நியாயமானது, நாமும் உடன் கேட்கின்றோம். ஆயின் ஒன்று கருதுக. கழியைக் கொன்றவரை அறமன்றத்திற்கு அழைக்கும் நம் கை, ஆமைக் குருதி படிந்த கையாக இருத்தல் நம் வழக்கையே மெலிவிக்கும். பிறர் தவறு நம் தவற்றைக் கழுவுவதில்லை.

செய்யத்தக்கது யாது? கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தார் ஆமை விலக்குக் கருவியை வகுத்துள்ளனர். மடியின் கழுத்திற் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம் பொருத்துவர். இறால் கம்பிகளின் இடையே நுழைந்து மடியின் அடியைச் சேரும். ஆமை சட்டத்தின்மேற் சறுக்கி, அருகில் அமைத்த திறப்பின் வழியே வெளியேறும். மீன் சிறிது தப்பும் என்பது உண்மையே. ஆயின் இக்கருவி இன்மையைக் காரணங்காட்டி 2018 முதல் நம் நாட்டுக் கடலிறாலுக்கு அமெரிக்கச் சந்தை அடைபட்டதும் உண்மை. அன்றியும் கட்டுமரத்தார்க்கும் சிறு படகினர்க்கும் உரிய 5 கடல்மைல் எல்லைக்குள் விசைப்படகுகள் புகாதிருப்பின், ஆமையும் பிழைக்கும், நம்முள் எளியோர் வலையும் பிழைக்கும்.

விலக்குதல் நமக்குப் புதிதன்று. மீன் இனம் பெருகுதற்பொருட்டு 2001 முதல் ஆண்டுக்கு 45 நாளும், 2017 முதல் ஏப்பிரல் 15 தொடங்கி 61 நாளும் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்துகின்றோம். அந்நாட்களில் அடுப்பெரிதல் அரிதாகியும் பொறுத்தோம். சூலுற்ற உயிரை விலக்கும் வேடரறம் நம்மிடம் சட்டமாய் வந்து மரபாயிற்று. அதனை ஆமைக்கும் நீட்டுதலே வேண்டுவது.

நாகைக் கடற்கரை நுளைப்பாடியில் தோன்றிய அதிபத்த நாயனாரை நம் குலத்தின் பெருமையாகக் கொண்டாடுகின்றோம். வலையில் விழும் மீனுள் ஒன்றை நாள்தோறும் உயிரோடு கடலில் விடுவது அவர் கொண்ட நோன்பு. ஒரு மீனே கிட்டிய நாளிலும் அவ்வொன்றையும் விட்டுச் சுற்றத்தோடு பசித்திருந்தார். நம்மை அத்துணைப் பெருந்தியாகம் செய்யுமாறு யாரும் கேட்டிலர். உண்ணாததை, விற்காததை, பகையும் அல்லாததை மீள விடுமாறே கேட்கின்றனர்.

ஆகலின், படகுடைய நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் வரும் தடைக்காலத்தில், வலை சீரமைக்கும்போதே இக்கருவியையும் பொருத்திக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். ஊர்ப் பஞ்சாயத்தார் இதனை ஊர்க்கட்டுப்பாடாக விதித்தல் தகும். பள்ளியிற் பயிலும் நம் பிள்ளைகள் தம் தந்தையரை நோக்கி, கருவி பொருத்தியாயிற்றா என வினவுவாராயின், அதனினும் வலிய ஆணை வேறு வேண்டுவதில்லை.